சும்மாடும் திமிலையும்

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு தெரியும். புதுப்பட்டினம் குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு கிழிப்பாள். ஒரு நடைக்கு ஒரு கோடு. நடை என்றால், விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டு, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுவிட்டுத் திரும்புவது. போக மட்டும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பார்த்துத்தான் கடன்காரரோடு வாயாடுவாள்.

சில நாள் கோடு இருக்காது. அன்றைக்கு ஆயா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சும்மாட்டுத் துணியை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். “பாதித் தலை மட்டும் பொளக்குதுடி. மீதிப் பாதி சும்மாத்தான் கீது” என்பாள். வெளிச்சம் ஆகாது. பேச்சுச் சத்தம் ஆகாது. எல்லாவற்றையும்விட எனக்கு விந்தையாக இருந்தது, மீன்காரிக்கு மீன் வாசனையே ஆகாமல் போவதுதான். வாந்தி எடுத்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். மறுநாள் மறுபடி கோடு.

அவளுடைய இடது பொட்டில் கால் ரூபாய் அளவில் ஒரு வடு இருந்தது. சின்ன வயதில் ஒரு வைத்தியர் மஞ்சள் கொம்பை விளக்கில் காய்ச்சி வைத்த சூடு. அந்தத் தலைவலி எனக்கும் சொத்தாக வந்தது. வடு மட்டும் வரவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். கல்பாக்கம் போகிற சாலையில் ஒரு சின்ன அறை வைத்து 30 ஆண்டு ஆகிறது. என் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கரண்டு வைக்கிற அம்மா’ என்றால் தெரியும். முட்டிவலி, தோள்வலி என்று வருபவர்களுக்கு ரப்பர் பட்டையை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடுவது என் தொழிலில் ஒரு பகுதி. இப்போது சில வருடமாகத் தலைவலிக்காரர்களும் வந்து கேட்கிறார்கள்: “ஒத்தத் தலைவலிக்குக் கரண்டு வெச்சா போவுமாமே, நெசமா?” பதில் தேடப் போனேன். கேள்விக்கே ஏறக்குறைய 2,000 வயது என்று தெரிந்தது. விடையின் சில துண்டுகள் எங்கள் கடற்கரையிலேயே கிடந்தன.

*

பெரியவலை இழுக்கிற நாளில் பிள்ளைகள் எல்லோரும் கரையில்தான் இருப்போம். மடியை அவிழ்த்துக் கொட்டியதும் நெத்திலியும் கவலையும் காரப்பொடியும் வெள்ளியாகத் துள்ளும். எப்போதாவது அவற்றின் நடுவே ஒரு சின்னத் திருக்கை கிடக்கும். வட்ட உடம்பு, வழுவழுவென்ற தோல், பழுப்பில் கறுப்புப் புள்ளிகள். வாலில் முள் கிடையாது. முள் இல்லாத திருக்கைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நான் கையை நீட்டினேன். “தொடாத, கைய வாங்கிடும்” என்று நைனா கத்துவதற்குள் தொட்டுவிட்டேன். முழங்கை வரை ஒரு உதறல். பிறகு கை என்னுடையதாகவே இல்லை, மரத்துப் போயிற்று. நைனா அதை ஒரு கட்டையால் அலைக்குள் தள்ளிவிட்டார். அதற்கு விலையும் இல்லை, வேறு வேலையும் இல்லை. எங்கள் குப்பத்தில் யாரும் அதைத் தலைவலிக்கு வைத்ததாக நான் கேட்டதே கிடையாது.

அந்த மீனின் அறிவியல் பெயர் ‘நார்சீன் திம்லெய்’. பின்பாதியைக் காதால் கேளுங்கள். திமிலை. சோழமண்டலக் கரையில் மீன்காரர்கள் சொன்ன பெயரைத்தான் லத்தீன் வால் ஒட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மாதிரி கிடைத்த இடம் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், நம் கரை மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மார்கஸ் ப்ளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ப்ளாக் 1799இல் இறந்தார். அவர் எழுதி வைத்ததை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் வெளியிட்டார். திமிலை நூலேறியது அதில்தான்.

முன்பாதியான ‘நார்சீன்’ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருள், மரத்துப் போதல். இதன் பெரிய உறவுக்கார மீனுக்கு ‘டார்பிடோ’ என்று லத்தீனில் பெயர். அதுவும் மரத்துப் போவதைத்தான் சொல்கிறது. மத்தியதரைக் கடல் மீனவனும் புதுப்பட்டினத்துப் பெண்ணும் தொட்டுப் பார்த்து ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறோம்.

*

அந்த டார்பிடோவைத் தலையில் வைத்தவர் ரோமாபுரியின் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ். கிளாடியஸ் பேரரசர் காலத்து மருத்துவர். கி.பி. 47 வாக்கில் எழுதிய மருந்துக் குறிப்பு நூலில், எவ்வளவு நாள்பட்ட தலைவலியானாலும், வலிக்கிற இடத்தில் உயிருள்ள கறுப்பு டார்பிடோவை வைத்து, அந்த இடம் மரத்துப் போகும் வரை விடச் சொல்கிறார். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உணர்ச்சியே போய்விடும் என்று எச்சரிக்கையும் உண்டு. ஒரு மீன் போதாமல் போகலாம், இரண்டு மூன்று தயாராக வைத்துக்கொள் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் இயந்திரத்துக்கும் நான் எப்போதும் மாற்று பேட்டரி வைத்திருப்பேன்.

அவருக்கு நூறாண்டுக்குப் பின் வந்தவர் காலன் என்ற மருத்துவர். பிறர் சொன்னதை அப்படியே நம்பாத ஆள். டார்பிடோ தலைவலியைத் தீர்க்கும் என்கிறார்களே என்று வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் உயிரோடு வைத்தால் என்ன என்று தோன்றியது. வைத்தார்; வலி அடங்கியது. எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செத்த மீனும் மீன்தான். அதே உருவம், அதே குளிர்ச்சி, வைக்கிறவரும் அதே வைத்தியர். ஆனால் மின்சாரம் இல்லை. உயிருள்ளதோடு செத்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது. அது முளைக்க 18 நூற்றாண்டு ஆனது. செத்த மீனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

*

எங்கள் ஊரிலிருந்து வடக்கே நடந்தால் சதுரங்கப்பட்டினம் கோட்டை. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து துணி வாங்கிக் கப்பலேற்றிய இடம். இன்றைக்குத் தொல்லியல் துறை வேலிக்குள் செங்கல் மதிலும் கிடங்கும், டச்சு எழுத்து வெட்டிய கல்லறைக் கற்களும் இருக்கின்றன. 1782 பிப்ரவரி 17 அன்று அதற்கு எதிர்க்கடலில் ஆங்கிலேயர் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. பள்ளியில் கூட்டிப் போனபோது எங்களுக்குச் சொன்னது சண்டைக் கதை மட்டும்தான். அந்த டச்சுக்காரர்கள்தான் மின்சாரத்தை ஜாடியில் பிடித்து வைத்தவர்கள் என்பது எனக்குத் தெரிய 40 ஆண்டு ஆனது.

லெய்டன் நகரத்துப் பேராசிரியர் முஷன்புரூக், 1746 தொடக்கத்தில் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் மின்னூட்டத்தைச் சேர்த்து, தொட்டு அதிர்ந்தார். லெய்டன் ஜாடியின் புகழ் கப்பல்களோடு எங்கும் பரவியது. அதன் பிறகுதான் விலாங்கைத் தொட்டவனும் திருக்கையைத் தொட்டவனும், ‘இந்த உதறலை நான் முன்பே பார்த்திருக்கிறேனே’ என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

அப்போது தென்னமெரிக்காவின் எஸ்ஸெக்விபோ ஆற்றங்கரையில் டச்சுக்காரர்களுக்கு ஒரு குடியேற்றம் இருந்தது. இன்றைய கயானா. அங்கே மின்விலாங்கு உண்டு. சில நூறு வோல்ட் அடிக்கும். ஃப்ரான்ஸ் வான் டெர் லாட் என்பவர் அங்கிருந்து எழுதிய குறிப்பு 1762இல் ஹார்லெம் நகர அறிவியல் கழக வெளியீட்டில் வந்தது. தலைவலி என்று சொல்லும் அடிமையின் ஒரு கையைத் தலையிலும் மறு கையை மீனிலும் வைக்கச் செய்தால் உடனே குணமாகும், ஒருவர்கூட விதிவிலக்கில்லை என்கிறார்.

‘ஒருவர்கூட’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அறையில் ஒரு நாளைக்கு 20 பேரைப் பார்க்கிறவளுக்கு அது ஒரு மருத்துவச் செய்தியாகத் தெரியவில்லை. கரும்புத் தோட்டத்து அடிமை ஒருவன், எசமான் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அடியை வாங்கிய பிறகு, ‘இன்னும் வலிக்கிறது’ என்று சொல்லுவானா? சொன்னால் இன்னொரு முறை கையை வைக்கச் சொல்லமாட்டார்களா? வலி என்பது வலிக்கிறவர் சொல்லித்தான் தெரியும். சொல்ல முடியாதவரிடம் எடுத்த கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு வரும்.

*

மீன் அடிப்பது மின்சாரம்தான் என்று நிறுவியவர் நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். ஜான் வால்ஷ் சென்னை ஜார்ஜ் கோட்டையில் கும்பினி வேலையில் இருந்தவர். படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரி. பிறகு கிளைவின் அந்தரங்கச் செயலர். பணத்தோடு இங்கிலாந்து திரும்பியதும் அறிவியலில் இறங்கினார். 1772இல் பிரான்சின் லா ரொஷேல் துறைமுகத்துக்குப் போய், மீனவர்கள் பிடித்து வந்த டார்பிடோக்களை வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் தொடும்படி ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒரே அதிர்ச்சி எல்லோர் உடம்பிலும் பாய்வதைக் காட்டினார். அதை பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குக் கடிதமாக எழுதினார். இங்கே கும்பினிக் கணக்கு பார்த்திருந்த நாளில் அவர் தாண்டிப் போன வலைகளில் எத்தனை திமிலை கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு இத்தாலியின் வோல்ட்டா. துத்தநாகத் தட்டும் வெள்ளித் தட்டும், நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையும் என மாறி மாறி அடுக்கி, 1800இல் உலகத்தின் முதல் பேட்டரியைச் செய்தார். அடுக்கும் யோசனைக்கு முன்மாதிரி டார்பிடோவின் உடம்பில் அடுக்கடுக்காக இருக்கும் மின்னுறுப்பு. வோல்ட்டா தன் கருவியைச் செயற்கை மின்னுறுப்பு என்றே குறிப்பிட்டார். கைபேசியிலும் என் இயந்திரத்திலும் இருப்பது அந்த மீனின் நகல்.

தமிழ்நாட்டுக்கும் மின்சார இயந்திரம் சீக்கிரமே வந்துவிட்டது. தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி வைத்திருந்த அறிவியல் சாமான்களில் காற்றிறைக்கும் பம்பு, தந்தத்தில் செய்த எலும்புக்கூடு இவற்றோடு ஒரு மின்சார இயந்திரமும் இருந்ததை 1806இல் அங்கே வந்த பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் பார்த்து எழுதினார். அதே சரபோஜி நடத்திய தன்வந்திரி மகாலில் நாட்டு மருந்தும் ஐரோப்பிய மருந்தும் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. சோதித்தவை தமிழ்ப் பாட்டாக எழுதப்பட்டன.

மேற்கே 19ஆம் நூற்றாண்டில் இது வியாபாரமாயிற்று. மின்சாரச் சங்கிலி, மின்சாரப் பெல்ட், மின்சாரச் சீப்பு என்று தலைவலி முதல் ஆண்மைக்குறைவு வரை எல்லாவற்றுக்கும் விற்றார்கள். எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற பொருளை எதற்கும் நம்ப முடியாமல் போனது. மெய்யான பயனும் அதோடு சேர்ந்து மூலையில் போய் விழுந்தது. இன்றும் ஆள் வருகிறார்கள். போன வருடம்கூட ஒருவர் பெட்டியைத் திறந்து வைத்து, “மேடம், சுகர், பிரஷர், மைக்ரேன் எல்லாத்துக்கும் இந்த ஒரே மெஷின்தான்” என்றார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

*

இந்தக் கதையில் ஆயாவின் பொட்டு வடு எங்கே வருகிறது?

சுசுருத சம்ஹிதை தலைநோய்களை 11 ஆகப் பிரிக்கிறது. பாதித் தலையைப் பிளக்கும் வலிக்கு ஒரு பெயர், பொழுதோடு ஏறிப் பொழுதோடு இறங்கும் வலிக்குச் சூரியாவர்த்தம் என்று ஒரு பெயர். தலைநோய்க்குப் புருவம், நெற்றி, பொட்டு ஆகிய இடங்களில் சூடு வைக்கலாம் என்று அதே நூல் சொல்கிறது. எங்கள் குப்பத்து மஞ்சள் சூடு யாரோ ஒருவருடைய கைச்சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு இவ்வளவு நீண்ட வம்சாவளி. பொட்டில் சுண்ணாம்பு தடவுவதும், சுக்கை இழைத்துப் பற்றுப் போடுவதும், சும்மாட்டுத் துணியை இறுக்குவதும் அதே குடும்பம். ஓரிடத்து வலியை இன்னொரு எரிச்சலால் அடக்குவது. முள்ளை முள்ளால் எடுப்பது.

வர்மக்காரர்களுக்கு வேறு வழி. புருவ நடுவில் திலர்தக் காலம், கண்ணின் வெளிக்கடையில் நட்சத்திரக் காலம், பின்கழுத்தில் பிடரிக் காலம் என்று புள்ளி அறிந்து விரலால் அழுத்துவார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றைக்கும் வர்மமும், தொக்கணம் என்னும் உடம்பு பிடித்துவிடும் முறையும் உண்டு. இன்றைய கருவிகள் ஒட்டப்படும் இடங்களும் நெற்றியும் பிடரியும்தான். இடம் ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட நான் தயாரில்லை. வலிக்கிற இடத்தை விரலால் தேடினால் எந்த நாட்டிலும் விரல் அங்கேதான் போய் நிற்கும்.

விரல் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கு உடற்கூறு ஒரு காரணம் சொல்கிறது. நெற்றி, கண், பொட்டு, மூளையைச் சுற்றிய உறை எல்லாவற்றிலிருந்தும் வலியைக் கொண்டு போவது முக்கிளை நரம்பு. பின்கழுத்திலிருந்து வருவது பிடரி நரம்பு. இரண்டும் மூளைத்தண்டின் அடியில் ஒரே சந்தியில் கூடுகின்றன. அதனால்தான் பிடரியைத் தடவினால் நெற்றிக்கு இதமாகிறது. நெற்றி வலி கழுத்தில் போய் இறங்குகிறது.

*

எங்கள் தொழிலுக்கு அடித்தளம் 1965இல் விழுந்தது. கனடாவின் மெல்சாக், இங்கிலாந்தின் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தைச் சொன்னார்கள்: தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, தொடுகை, அழுத்தம் போன்றவற்றைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் அந்தக் கதவைச் சாத்த முடியும். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துக்கொள்வது ஏன் என்பதற்கு அது விளக்கம். இரண்டு ஆண்டு கழித்து வாலும் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் அதைச் சோதித்தபோது, முதலில் ஊசியைக் குத்திக்கொண்டது தங்கள் முகத்தில்தான். கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பில். மெல்லிய மின்சாரம் ஓடிய வரை அந்த இடத்தில் குத்தினால் வலிக்கவில்லை. எஸ்ஸெக்விபோவிலிருந்து அந்த அறைக்கு வந்த தூரம் பெரியது. யாருடைய தலையில் முதலில் வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் பதிலை மாற்றினார்கள்.

அந்தக் கருத்திலிருந்து தோல்மேல் ஒட்டும் ‘டென்ஸ்’ இயந்திரம் 1970களில் வந்தது. நான் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது அதுதான். 1983 ஜூலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை ஓடத் தொடங்கிய பிறகு எங்கள் ஊரில் கரண்டு என்றால் எல்லோருக்கும் ஒரு பயமும் உண்டு, ஒரு மதிப்பும் உண்டு. “இது அந்தக் கரண்டா?” என்று முதல் நோயாளிப் பாட்டி கேட்டாள். “இல்ல ஆயா, கடிகாரத்துல போடுற மாதிரி பேட்டரிதான்” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பெரிய கரண்டு என்றால் பெரிய குணம் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள்.

தலைவலியின் பக்கம் மருத்துவம் மெல்லத்தான் திரும்பியது. 1999இல் அமெரிக்காவில் வைனரும் ரீடும் பிடரி நரம்பருகே தோலுக்கடியில் கம்பி பதித்து, அடங்காத பிடரித் தலைவலிக்கு மின்தூண்டல் கொடுத்ததை வெளியிட்டார்கள். பலன் இருந்தது, ஆனால் கம்பி நகர்ந்துவிடும், தொற்று வரும், மறுபடி கத்தி. வலிப்பு நோய்க்காகக் கழுத்தின் வேகஸ் நரம்பில் கருவி பதித்துக்கொண்டவர்களில் சிலர், கூடவே இருந்த ஒற்றைத் தலைவலியும் குறைந்ததாகச் சொன்னார்கள். பதிக்காமல் கழுத்தில் வைத்து அழுத்தும் கையடக்கக் கருவி அதிலிருந்து பிறந்தது. ஒரே கண்ணைச் சுற்றிக் குடைந்து, அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடிய, மனிதரை உட்கார விடாமல் நடக்கவைக்கும் கொத்துத் தலைவலிக்கு 2017இல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

இப்போது செத்த மீன் திரும்பி வருகிறது.

பெல்ஜியத்தில் செய்த நெற்றிப்பட்டைக் கருவி ஒன்றை 67 பேருக்குக் கொடுத்தார்கள். தினம் 20 நிமிடம், மூன்று மாதம். பாதிப் பேருடைய கருவி மெய். மீதிப் பேருடையது ஒப்புக்கு லேசாகக் குறுகுறுக்கும் பொய்க்கருவி. யாரிடம் எது என்று போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. 2013இல் முடிவு வந்தது. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் மெய்க்கருவியில் நூற்றுக்கு 38, பொய்க்கருவியில் 12. மறு வருடம் மார்ச்சில் அமெரிக்க அனுமதி.

இஸ்ரேலில் செய்த இன்னொன்றை மேற்கையில் கட்டிக்கொள்ள வேண்டும். வலி தலையில், பட்டை கையில். உடம்பின் ஓரிடத்தில் கொடுக்கும் உறுத்தல் வேறிடத்து வலியைத் தணிக்கும் என்பதை எலிகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1979இலேயே காட்டியிருந்தார்கள். மூளைத்தண்டு மேலிருந்து கீழே அனுப்பும் தடைக்கட்டளை அது. முள்ளை முள்ளால் எடுப்பதற்கு ஆய்வகத்துப் பெயர். 252 பேரிடம் நடந்த சோதனை 2019இல் வெளியானது. இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் மெய்க்கருவியில் நூற்றுக்கு 67, பொய்க்கருவியில் 39. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2023இல் அதை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அந்த 39ஐத்தான் நான் வருகிறவர்களிடம் முதலில் சொல்வேன். கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பேருக்குச் செத்த மீனே போதுமாயிருந்தது. தலைவலி தானாகவும் இறங்கும். ஒருவர் அக்கறையாகக் கவனித்தாலே பாதி இறங்கும். ஆகவே ரோமாபுரி வைத்தியரின் வெற்றியிலும், எஸ்ஸெக்விபோவின் நூற்றுக்கு நூறிலும், ஆயாவின் மஞ்சள் சூட்டிலும் இந்த 39 ஒளிந்திருக்கிறது. கழித்த பிறகு நிற்பதுதான் மின்சாரத்தின் சொந்தச் சம்பாத்தியம். 67இல் 39 போக 28. சின்னத் தொகைதான், ஆனால் நேர்மையான தொகை.

அந்தத் தொகை எங்கள் ஊரில் யாருக்குப் பயன்படும் என்றும் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான கர்நாடக ஆய்வில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் பெரியவர்களில் நூற்றுக்கு 25. கடையில் வாங்கிப் போடும் மாத்திரைதான் பெரும்பாலோருக்கு வைத்தியம். மாதத்தில் 15 நாள் சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கக்கூடும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தச் சுழலில் இருப்பவர்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டியவர்களுக்கும், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்தக் கருவி ஒரு கைப்பிடி. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் தொடவே கூடாது. வாழ்க்கையில் காணாத வலி இடிபோல் திடீரென இறங்கினாலோ, கை கால் இழுத்தாலோ, என்னிடம் வராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

*

கைப்பட்டையை நானே கட்டிப் பார்த்தேன். 45 நிமிடம். வலிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எறும்பு ஊர்வதில் தொடங்கி, தோலுக்கடியில் வண்டு சுற்றுவது போல ஆகும். சிறு வயதில் கரையில் பட்ட உதறலின் கடைக்குட்டித் தங்கை. மூன்று மாதத்தில் எனக்குத் தலைவலி 11 முறை வந்தது. 6 முறை இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. 3 முறை பாதியானது. 2 முறை மாத்திரைதான் காப்பாற்றியது. அந்த 6இல் செத்த மீன் செய்தது எத்தனை, உயிருள்ள மீன் செய்தது எத்தனை என்று ஒற்றை ஆளின் கணக்கில் பிரிக்க முடியாது.

ஆனாலும் குறித்து வைத்தேன். வருகிறவர்கள் கையிலும் பட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் கொடுப்பது ஒரு மாதக் காலண்டர் தாள். வலித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மாத்திரை போட்டால் ஒரு வட்டம். எழுதத் தெரியாதவர்கள் பொட்டு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். மீன் விற்கும் ஒரு அக்கா, கரண்டு வைப்பதற்கு முன்பே தாளைப் பார்த்து அதிர்ந்துபோனாள். “மாசத்துல பதினொரு நாளா? நான் ரெண்டு மூணு நாளுன்னு சொல்லிட்டிருந்தேனே.” 11 நாள் வருமானம் போனதும் அப்போதுதான் அவளுக்குக் கணக்கில் ஏறியது.

அன்றைக்கு இரவு எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது. கோடு போட்ட நாட்களை மட்டும்தான் ஆயாவும் எண்ணினாள், கடன்காரரும் எண்ணினார், நாங்களும் பார்த்தோம். கோடில்லாத இடைவெளிகளை யாரும் எண்ணவில்லை. மாதத்துக்கு எத்தனை, எந்தக் காலத்தில் கூடியது, கோடை வெயிலிலா, விரதம் இருந்த நாளிலா, தூக்கம் கெட்ட திருவிழாவிலா, சூடு வைத்த பிறகு குறைந்ததா இல்லையா, எல்லாம் அந்தச் சுவரில் இருந்திருக்கும். சூடு வைத்த வைத்தியர் அதைப் படிக்கவில்லை. அவர் திரும்பி வந்து “இப்ப எப்படி இருக்கு” என்று கேட்டதாகவும் ஆயா சொன்னதில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நைனா அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பார். சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான்.